அந்தப் பணிப்பெண் என்ன சொன்னாள்?

சீனாவின் குவாங்சோ நகரில், ஷாமியன் தீவின் ஆற்றங்கரையில், ‘வொயிட் ஸ்வான்’ என்றொரு பெரிய ஹோட்டல் இருக்கிறது. சீனக் குழந்தையைத் தத்தெடுத்த அமெரிக்கர்கள், குழந்தைக்கு விசா வாங்க அந்த ஊருக்கு வந்தே தீரவேண்டியிருந்தது. அதனால் பல வருடங்கள் அந்த ஹோட்டலின் வரவேற்பறை முழுக்கத் தள்ளுவண்டிகளும், தூக்கம் கெட்ட புதுப் பெற்றோர்களுமாக இருந்தது. அங்கே தங்கியவர்களுக்கு மாட்டெல் கம்பெனி ஒரு பொம்மையை இலவசமாகக் கொடுத்தது. கடையில் கிடைக்காத பார்பி. பெயர் ‘கோயிங் ஹோம் பார்பி’. பொன்னிறக் கூந்தல், வழக்கமான சிரிப்பு, கையில் ஒரு சீனக் குழந்தை.

அந்தப் பொம்மையின் படத்தை இணையத்தில் முதன்முதலாகப் பார்த்தபோது சிரிப்புதான் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து வேறொன்று உறுத்தியது. அந்த முகத்தில் பயமே இல்லை. நேற்றுவரை பார்த்தேயிராத ஒரு குழந்தையை, அதற்குத் தெரிந்த ஒரே மொழியிலிருந்தும் வாசனையிலிருந்தும் பிரித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். யாருடைய வீட்டுக்கு? பார்பிக்கு அந்தக் கேள்வி இல்லை. பொம்மைதானே, போகட்டும். ஆனால் தத்தெடுப்பைப் பற்றி எழுதப்பட்ட பாதிப் புத்தகங்களும் கடைசிப் பக்கத்தில் இந்த முகத்தோடுதான் முடிகின்றன. முதல் பக்கத்தில் பயம் இருக்கும், கடைசிப் பக்கத்தில் பார்பி.

இதையெல்லாம் நான் தேட ஆரம்பித்ததற்குக் காரணம் என் அக்கா. பெரியம்மா மகள், டொராண்டோவில் இருக்கிறாள். கல்யாணமாகிப் பதினொரு வருடம். ஒடிசாவில் ஒரு காப்பகத்தில் இருக்கும் மூன்று வயதுப் பெண் குழந்தையைத் தத்தெடுக்க அவளும் மாமாவும் மூன்று வருடமாகக் காகிதங்களோடு குடித்தனம் நடத்தினார்கள். காரா வழியாக வந்த மருத்துவ அறிக்கை, போட்டோ, மாவட்ட ஆட்சியரின் ஆணை, குழந்தையின் பாஸ்போர்ட் எல்லாம் ஒவ்வொன்றாகக் கைக்கு வந்து, டிக்கெட்டும் போட்டாயிற்று. கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது போன் செய்தாள்.

“டேய், பயமா இருக்குடா.”

“எதுக்குக்கா?”

“அது என்னைப் பாத்து அழுதுச்சுன்னா?”

“எல்லாக் குழந்தையும்தான் அழும். ரெண்டு நாள்ல சரியாயிடும்.”

“இல்லடா. அது அழுறதுதான் நியாயம்னு தோணுது. அதான் பயமா இருக்கு.”

இதற்கு நான் பதில் சொல்லவில்லை. அவளே தொடர்ந்தாள். “நீதான் கண்டதையும் பாக்குற ஆளாச்சே. இப்படிப் போனவங்க கதை ஏதாவது இருந்தா சொல்லு. அழ வைக்கிறது வேணாம். பொய் சொல்றதும் வேணாம்.”

கேட்க எளிதாக இருக்கிறது. தேடிப் பார்த்தால்தான் தெரிகிறது, இந்த இரண்டு நிபந்தனைகளுக்குள் நிற்கும் படைப்புகள் எவ்வளவு குறைவு என்று. ஆங்கிலத்தில் இதற்கென்று ஒரு தனி வகையே உண்டு, தத்தெடுத்தவர்களின் நினைவுக்குறிப்புகள். ‘காகிதக் கர்ப்பம்’ என்று அவர்களே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். கருத்தரிக்காத வருடங்கள், கோப்பு, காத்திருப்பு, போட்டோ, விமானம், முதல் தொடுதல், குழந்தை வீறிடுவது, இரண்டாவது இரவு தோளில் தூங்கிப்போவது. வரிசை மாறுவதே இல்லை. பதற்றம் அங்கே முடிவின் சந்தோஷத்தை ஏற்றிக் காட்டுவதற்காகப் போடப்படும் முதலீடு. எவ்வளவு பயந்தோமோ அவ்வளவு ஆனந்தம். அக்கா சொன்ன அந்த வாக்கியத்துக்கு, ‘அழுறதுதான் நியாயம்’ என்பதற்கு, அந்தக் கணக்கில் இடமில்லை. அவளுடைய பயத்துக்குள் ஒரு தகவல் இருக்கிறது. அந்தக் குழந்தை வெற்றிடத்திலிருந்து வரவில்லை, எங்கிருந்தோ பிரிந்து வருகிறது என்ற தகவல். பயத்தை ஆற்றிவிடும் கதை அந்தத் தகவலையும் சேர்த்தே துடைத்துவிடுகிறது. ஆற்றாமல் விட்ட கதைகள் ஏதாவது உண்டா என்பதுதான் என் தேடலாக ஆனது.

முதலில் ஞாபகம் வந்தது ஆன் டைலரின் ‘டிக்கிங் டு அமெரிக்கா’ (2006). நாவல் பால்டிமோர் விமான நிலையத்தில் தொடங்குகிறது. 1997 ஆகஸ்ட் 15, இரவு. கொரியாவிலிருந்து இரண்டு பெண் குழந்தைகள் ஒரே விமானத்தில் வருகின்றன. டொனால்ட்சன் குடும்பம் மொத்தச் சொந்தபந்தத்தோடும் பலூன்களோடும் வீடியோ கேமராவோடும் வந்து நிற்கிறது. யார் அம்மா, யார் பாட்டி என்று சட்டையில் பட்டன் வேறு குத்தியிருக்கிறார்கள். பின்னால், கூட்டத்தோடு ஒட்டாமல், ஈரானிய வம்சாவளியைச் சேர்ந்த யஸ்தான் தம்பதியும் பாட்டி மரியமும். நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஒரே நாளில் மாடியில் ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு விசேஷம் நடந்தால் எப்படியிருக்குமோ அப்படி. டைலரின் கணவர் ஈரானியர் என்பதாலோ என்னவோ, மரியத்தின் மௌனம் இந்த நாவலில் அவ்வளவு துல்லியமாக வந்திருக்கிறது.

பிட்ஸி டொனால்ட்சன் எல்லாவற்றுக்கும் விதி வைத்திருப்பவள். குழந்தையின் கொரியப் பெயரை மாற்றக்கூடாது, இன்ன உடை போடவேண்டும், ஒவ்வொரு வருடமும் ‘வருகை விழா’ கொண்டாடவேண்டும், அதில் அந்த விமான நிலைய வீடியோவைப் போட்டே ஆகவேண்டும். விமர்சகர்கள் பலர் அவளைக் கேலிச்சித்திரமாகத்தான் பார்த்தார்கள். எனக்கு அவள் பயந்தவளாகத் தெரிந்தாள். தனக்கு உரிமை உண்டா என்ற சந்தேகம் இருப்பவர்கள்தான் இவ்வளவு சடங்கு செய்வார்கள். அந்த வீடியோ வருடாவருடம் புதுப்பிக்கப்படும் ஒரு பத்திரம் மாதிரி. ஜின்-ஹோ வளர்ந்து, அவள் பார்வையிலேயே ஒரு அத்தியாயம் வரும்போது, அவளுக்கு அந்த விழாவே பிடிக்கவில்லை என்பது தெரிகிறது. அம்மா பாதுகாத்துத் தந்த கொரியப் பெயரும் அவளுக்கு வேண்டாம். இது டைலரின் மிகச் சிறந்த இடங்களில் ஒன்று. ஆனால் நாவல் பால்டிமோரின் வரவேற்பறைகளை விட்டு நகர்வதில்லை. அந்த விமானம் எங்கிருந்து புறப்பட்டது, அங்கே யார் நின்றார்கள் என்பது அதன் அக்கறைக்கு வெளியே. நல்ல புத்தகம், சுகமான புத்தகம். அக்காவுக்குச் சொன்னேன். “பிட்ஸி நான்தான்டா” என்று ஒரு மெசேஜ் வந்தது. அதோடு சரி.

பெர்த்ரான் தாவெர்னியேயின் ‘ஹோலி லோலா’ (2004) அந்த விமானத்தின் மறுமுனைக்குப் போகிறது. பியேர், ஜெரால்தின் என்ற பிரெஞ்சுத் தம்பதி குழந்தை தேடிக் கம்போடியாவுக்கு வருகிறார்கள். திரைக்கதை எழுதியவர்களில் ஒருவர் இயக்குநரின் மகள் டிஃபனி தாவெர்னியே. நோம் பென்னில் ஒரு விடுதி. அங்கே இவர்களைப் போலவே காத்திருக்கும் பிரெஞ்சுக்காரர்கள். காலையில் கிளம்பி ஒவ்வொரு காப்பகமாக ஏறி இறங்குகிறார்கள். வெயில், மழை, லஞ்சம், ‘நாளைக்கு வாங்க’. விடுதியில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் ஆறுதலும் சொல்கிறார்கள், எந்தக் காப்பகத்தில் குழந்தை இருக்கிறது என்ற தகவலை ஒளித்தும் வைக்கிறார்கள். இந்த இரண்டையும் ஒரே ஆட்களே செய்வதைப் பார்ப்பது சங்கடமாக இருக்கும். அந்தச் சங்கடத்தில் உண்மை இருக்கிறது. ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும், முன்னால் நிற்பவர் மேல் நமக்கு இருக்கும் அன்பு எந்த இடத்தில் முடியும் என்று.

படம் அபாரமான வேகத்தில் ஓடுகிறது. எனக்குப் பிரச்சினையே அந்த வேகம்தான். தேடல் கதைக்கென்று ஒரு இலக்கணம் உண்டு. நாயகனுக்கு ஒன்று வேண்டும், யாரோ தடுக்கிறார்கள், நாம் நாயகன் பக்கம். இங்கே நாயகர்களுக்கு வேண்டியது ஒரு குழந்தை, தடுப்பவர்கள் அதிகாரிகள். ஒரு கையெழுத்து விழாதபோது நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படம் முடிந்து தண்ணீர் குடிக்கும்போதுதான் தோன்றியது, அந்தக் கையெழுத்து எதற்காக இருக்கிறது? இந்தக் குழந்தை எங்கிருந்து வந்தது, இதை யாராவது விற்றார்களா, இதன் அம்மா உயிரோடு இருக்கிறாளா என்று யாரோ ஒருவர் கேட்டாக வேண்டும் என்பதற்காகத்தானே? குழந்தைக் கடத்தல் சந்தேகத்தால் 2001 டிசம்பரில் அமெரிக்கா கம்போடியாவிலிருந்து தத்தெடுப்பதையே நிறுத்தி வைத்தது. அங்கிருந்து குழந்தைகளை அனுப்பி வைத்த ஒரு அமெரிக்க இடைத்தரகர் விசா மோசடிக்காக 2004இல் தண்டிக்கப்பட்டார், ‘ஹோலி லோலா’ வெளிவந்த அதே வருடம். தாவெர்னியேவுக்கு இந்தச் சூழல் தெரியும். காசு கைமாறுவதை அவர் மறைக்கவுமில்லை. ஆனால் படத்தின் வடிவம் வேறொன்றைச் செய்துவிடுகிறது. எச்சரிக்கையை வில்லனாக்கிவிடுகிறது. பெற்றோரின் பதற்றம் பார்வையாளனுக்குள் முழுசாக இறங்கிவிட்டால், அவனும் சீக்கிரம் முடியட்டும் என்றுதான் நினைப்பான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் வெளிநாட்டுத் தத்தெடுப்பு உச்சம் தொட்டது 2004இல், அந்த ஒரு வருடத்தில் சுமார் 23,000 குழந்தைகள். அதன் பிறகு எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தது. குவாத்தமாலா கதவைச் சாத்தியது, 2018இல் எத்தியோப்பியா தடைசெய்தது, நெதர்லாந்து ஒரு விசாரணைக் குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2021இல் நிறுத்தி வைத்து மன்னிப்பும் கேட்டது; அந்த அறிக்கை ஆராய்ந்த நாடுகளில் இலங்கையும் உண்டு. 2024 செப்டம்பரில் சீனா முடித்துக்கொண்டது. ‘வொயிட் ஸ்வான்’ வரவேற்பறையில் இனி அந்தத் தள்ளுவண்டிகள் வராது. நம் சென்னையிலும், குடிசைப் பகுதிகளிலிருந்து திருடப்பட்ட குழந்தைகள் தத்து என்ற பெயரில் வெளிநாடு போன கதை 2005இல் வெடித்தது. ஆக, நான் பேசும் இந்தப் படங்கள் எல்லாம் உச்சத்தில் நின்றுகொண்டு எடுக்கப்பட்டவை. அப்போது இது ஒரு நல்ல காரியம் என்பதில் பொதுவாக யாருக்கும் சந்தேகம் இல்லை. அந்த நேரத்தில் ஒருவர் என்ன பார்த்தார் என்பதற்கு அதனாலேயே மதிப்பு அதிகம்.

ஜான் சாயில்ஸ் என்ன பார்த்தார் என்பது ‘காசா தெ லோஸ் பேபிஸ்’ (2003) படத்தில் இருக்கிறது.

பெயர் சொல்லப்படாத ஒரு லத்தீன் அமெரிக்க நாடு. படம் பிடித்தது மெக்சிகோவின் அகபுல்கோவில். தத்தெடுக்க வருபவர்கள் குறிப்பிட்ட காலம் அந்த நாட்டிலேயே தங்கியாக வேண்டும் என்று சட்டம். ஆகவே ஆறு பெண்கள் ஒரு கடற்கரை ஹோட்டலில் வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். ஹோட்டல் நடத்தும் சென்யோரா முன்யோஸாக ரீட்டா மொரேனோ. அவளுடைய சகோதரன்தான் தத்தெடுப்பு வழக்குகளைப் பார்க்கும் வக்கீல். மகனுக்கோ இது அப்பட்டமான ஏகாதிபத்தியம். ஒரே குடும்பத்தில் ஒருவர் அறை வாடகை வாங்குகிறார், ஒருவர் பீஸ் வாங்குகிறார், ஒருவர் திட்டிக்கொண்டே அந்தக் காசில் சாப்பிடுகிறார். காத்திருப்பு ஒரு ஊருக்குத் தொழிலாக ஆவது எப்படி என்று இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

கதை என்று பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. இதுதான் சாயில்ஸின் முதல் நல்ல முடிவு. தேடல் இல்லை, ஓட்டம் இல்லை. கடற்கரையில் படுத்துக்கொண்டு, அங்கே இல்லாதவளைப் பற்றிப் புறணி பேசுகிறார்கள். ஒருத்தி எழுந்து போனதும் அவள்தான் அடுத்த தலைப்பு. இவளெல்லாம் எப்படி அம்மாவாவாள் என்று ஒவ்வொருத்தியும் மற்றவளைப் பற்றிக் கேட்கிறாள். தன்னைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி. வேகத்தை எடுத்துவிட்டதால், ‘சீக்கிரம் முடியட்டும்’ என்ற வெறி நமக்கு வருவதில்லை. பார்க்க நேரம் கிடைக்கிறது.

பதற்றம் ஒருவரை என்ன செய்யும் என்பதற்கு மார்சியா கே ஹார்டன் நடித்த நான் என்ற பாத்திரம் போதும். வாய் கொழுத்தவள், அந்த நாட்டு மனிதர்களை மதிக்காதவள், பொய் சொல்பவள், ஹோட்டலின் சோப்பு ஷாம்பூவையெல்லாம் திருடிச் சேர்ப்பவள். இவளிடம் ஒரு குழந்தை போகப்போகிறதா என்று நமக்கே பதறுகிறது. ஆனால் சட்டம் பார்ப்பது கோப்பை, அவளுடைய கோப்பு சுத்தம். இதற்கு எதிர்முனையில் டேரில் ஹன்னா நடித்த ஸ்கிப்பர். எப்போதும் ஓட்டமும் உடற்பயிற்சியுமாகத் திரிபவள், மூன்று குழந்தைகளை இழந்தவள் என்பது மெதுவாகத்தான் தெரியவருகிறது. 

குறைகளும் உண்டு. ஆறு பெண்களுக்கும் ஆளுக்கொரு பிரச்சினை என்று பங்கு வைத்ததுபோல் இருக்கிறது. ஒருத்திக்குக் குடிப்பழக்கத்திலிருந்து மீண்ட வரலாறு, ஒருத்திக்குக் கணவனோடு உரசல், ஒருத்திக்குக் காசு இல்லை. முன்யோஸின் மகன் வாயைத் திறந்தால் துண்டுப் பிரசுரம். கடற்கரையில் தூங்கும் தெருப் பையன்கள் வரும்போதெல்லாம் ‘இவர்களை யாரும் தத்தெடுக்க வரவில்லை பார்’ என்று இயக்குநர் நம் விலாவில் இடிக்கிறார். புரிந்துவிட்டது ஐயா என்று சொல்லத் தோன்றும்.

ஆனால் ஒரு காட்சி. அதற்காக மற்ற எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம்.

அய்லீன், பாஸ்டனில் வாழும் ஐரிஷ்காரி, ஆறு பேரில் பணம் குறைந்தவள். அவள் அறையைச் சுத்தம் செய்ய வருகிறாள் அசுன்சியோன் என்ற இளம் பணிப்பெண். இவளுக்கு ஸ்பானிஷ் தெரியாது, அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. அய்லீன் பேச ஆரம்பிக்கிறாள். பனி கொட்டி, பள்ளிக்கூடம் லீவு விட்ட ஒரு நாளை மகளோடு எப்படிக் கழிப்பேன் என்று, இன்னும் கைக்கு வராத ஒரு மகளைப் பற்றி, நிமிடக் கணக்கில். அவ்வளவு சின்னச் சின்ன விவரங்கள். சொல்லும்போதே அந்த நாள் நடந்து முடிந்துவிட்டது போல இருக்கும். அசுன்சியோன் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பிறகு அவள் பேசுகிறாள், ஸ்பானிஷில். தனக்கும் ஒரு மகள் பிறந்தாள், வளர்க்க வழியில்லாமல் கொடுத்துவிட்டேன், அவள் இப்போது வடக்கே எங்கோ இருக்கிறாள் என்று. உன்னைப் போன்ற ஒருத்தியிடம் அவள் போயிருக்க வேண்டும் என்ற ஆசையும் அதில் இருக்கிறது. அய்லீனுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. முகத்தைப் பார்க்கிறாள். அவ்வளவுதான்.

இந்தக் காட்சியை மனிதநேயத்தின் உச்சம் என்று எழுதியவர்கள் உண்டு. மொழி தாண்டிய தாய்மை, இத்யாதி. நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்த அறையில் இருவருக்கும் நடுவே எந்தப் புரிதலும் நடக்கவில்லை. நடந்ததுபோல நமக்குத் தோன்றுவதற்குக் காரணம் சப்டைட்டில். இரண்டு பேச்சும் நமக்கு மட்டும்தான் தெரியும். சாயில்ஸ் செய்தது என்னவென்றால், ஒருத்தியின் காத்திருப்புக்குக் கொடுத்த அதே கால அளவை, அதே பொறுமையை, இன்னொருத்தியின் இழப்புக்கும் கொடுத்தார். ‘ஹோலி லோலா’வில் அசுன்சியோன் இருந்திருந்தால் அவள் ஒரு தடயமாக இருந்திருப்பாள், அல்லது ஒரு தடையாக. இங்கே அவள் எதற்கும் குறுக்கே நிற்கவில்லை. அறையைக் கூட்டிவிட்டுப் போகிறாள். அய்லீன் வரும் நாட்களில் இதைப் பற்றி ஒருபோதும் யோசிக்கப்போவதில்லை, ஏனென்றால் அவளுக்கு அது தெரியாது. நமக்குத் தெரியும். அவளுடைய பயம் என்ன தகவலைத் தேடிக்கொண்டிருந்ததோ, அது அவள் அறைக்கே வந்து, படுக்கையைத் தட்டிப் போட்டுவிட்டுப் போய்விட்டது.

படம் சட்டென்று நின்றுவிடுகிறது. விமானம் இல்லை, வீடு இல்லை, பனி விழும் நாளும் இல்லை.

பயம் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க ஒரு ஆவணப்படம் இருக்கிறது. டியான் போர்ஷே லியெம் எடுத்த ‘ஃபர்ஸ்ட் பெர்சன் ப்ளூரல்’ (2000). இதில் இயக்குநரே தத்துப்பிள்ளை. 1966இல், எட்டு வயதில், கொரியாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு அனுப்பப்பட்டவர். அவரை வளர்த்த போர்ஷே தம்பதி கொரியாவுக்குப் போகவே இல்லை. அந்தக் காலத்தில் குழந்தைதான் விமானம் ஏறியது, பெற்றோர் விமான நிலையத்தில் நின்றார்கள். மாதாமாதம் பணம் அனுப்பி வந்த சா ஜுங் ஹீ என்ற அநாதைச் சிறுமியைத்தான் அவர்கள் தத்தெடுத்தார்கள். ஆனால் அந்தச் சிறுமியை அவள் அப்பா வந்து கூட்டிப்போய்விட்டார். காப்பகம் வேறொரு குழந்தையை அந்தப் பெயரில், அந்தக் காகிதங்களோடு, ஏற்றி அனுப்பியது. யார் என்று சொல்லக் கூடாது என்றும் சொல்லி அனுப்பியது. வந்து இறங்கிய குழந்தைக்கு அம்மாவும் அண்ணன் அக்காக்களும் கொரியாவில் உயிரோடு இருந்தார்கள்.

எதிலும் பதற்றமே படாத ஒரு தத்தெடுப்பு இது. எல்லாம் தபாலில் முடிந்தது. போர்ஷே தம்பதி கெட்டவர்களா? கிடையவே கிடையாது. அவ்வளவு பாசமான மனிதர்கள், பழைய வீட்டு வீடியோக்களில் அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரியும். கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். முப்பது வருடம் கழித்து டியான் அவர்களைக் கொரியாவுக்கு அழைத்துப் போகிறார், பெற்ற அம்மாவைச் சந்திக்க. 1966இல் வந்திருக்க வேண்டிய பயம் அவர்களுக்கு அப்போது வருகிறது. வயதான காலத்தில், ஷூவைக் கழற்றிவிட்டு, தெரியாத வீட்டின் தரையில் உட்கார்ந்துகொண்டு. இரண்டு அம்மாக்களும் ஒரே அறையில். நடுவே மொழிபெயர்ப்பாளர். சாயில்ஸின் காட்சி இங்கே நிஜத்தில் நடக்கிறது, சப்டைட்டில் அவர்களுக்கும் கிடைக்கிறது. ஆனாலும் யாரும் லேசாகி வெளியே வருவதில்லை. என்னால் அந்தப் பகுதியை ஒரே மூச்சில் பார்க்க முடியவில்லை, நடுவில் எழுந்துபோய் மொட்டை மாடியில் நின்றேன். 2025 மார்ச்சில் தென்கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், அந்தக் காலத் தத்தெடுப்புகளில் ஆவணங்கள் புனையப்பட்டதையும் அதில் அரசுக்கு இருக்கும் பொறுப்பையும் சொன்னபோது பத்திரிகைகளுக்கு அது செய்தி. இந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு இல்லை.

தமிழில் இதற்குப் பக்கத்தில் வருவது ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) என்பதைச் சொல்லாமல் போனால் கமெண்டில் வந்து சொல்வீர்கள். பயணம் அங்கே தலைகீழ். தத்தெடுத்த பெற்றோர் மகளைக் கூட்டிக்கொண்டு பெற்றவளைத் தேடி இலங்கைக்குப் போகிறார்கள். அந்தப் பயணம் முழுக்க சிம்ரன் முகத்தில் இருக்கும் கலவரம் தமிழ் சினிமாவில் அபூர்வமானது. கூட்டிப்போவதும் அவள்தான், போய்ச் சேர்ந்துவிடக்கூடாது என்று உள்ளுக்குள் வேண்டிக்கொள்வதும் அவள்தான். ஆனால் மணிரத்னம் அந்தக் கலவரத்தைக் கடைசியில் ஆற்றிவிடுகிறார். பெற்றவளே விலகிக்கொள்கிறாள், அவளுக்குப் போர் இருக்கிறது, வேலை இருக்கிறது. குடும்பம் சேதாரம் இல்லாமல் ஊர் திரும்புகிறது. ஷ்யாமா என்ற அந்தப் பெண் வேறு மாதிரிப் பதில் சொல்லியிருந்தால் இந்திரா என்ன செய்திருப்பாள் என்பதுதான் எடுக்கப்படாத படம்.

அக்காவுக்கு நான் சாயில்ஸின் படத்தை அனுப்பினேன். அனுப்பலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். டிக்கெட் போட்டுவிட்டவளிடம் போய் ஒரு அசுன்சியோனைக் காட்டுவது என்ன நியாயம்? விமர்சகனாக இருப்பதில் இந்த வசதி உண்டு, கலங்கடிக்கும் படைப்புதான் உயர்ந்தது என்று எழுதிவிட்டுத் தூங்கப் போய்விடலாம். கலங்குவது வேறு யாரோ. ஆனால் ‘பொய் சொல்றது வேணாம்’ என்று அவளே சொல்லியிருந்தாள். எங்கிருந்தோ கிடைத்த ஒரு காப்பி, அதைத் தட்டிவிட்டேன்.

நான்கு நாள் சத்தமே இல்லை. ஐந்தாம் நாள், இங்கே காலை ஆறு மணி, போன்.

“டேய், அந்தப் படத்துல ரூம் க்ளீன் பண்ற பொண்ணு ஒருத்தி வருவால்ல, அவ கடைசில நீளமா ஏதோ பேசுறாளே, என்னடா சொன்னா?”

எனக்குப் புரியவில்லை. “ஏன், சப்டைட்டில் வரலையா?”

“எங்க வந்துச்சு? இங்கிலீஷ் பேசுறது மட்டும்தான் புரிஞ்சுது. மீதியெல்லாம் ஸ்பானிஷ். உங்க மாமா தூங்கிட்டார். நான் அந்த ஸீனை மட்டும் நாலு தடவ பாத்துட்டேன். அவ நல்லாருன்னு வாழ்த்துறாளா, இல்ல திட்டுறாளா?”

அய்லீன் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் அக்காவும் உட்கார்ந்திருந்திருக்கிறாள், முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு. அதைச் சாயில்ஸ்கூடத் திட்டமிட்டிருக்க முடியாது. ஒரு கணம் பொய் சொல்லிவிடலாமா என்று இருந்தது. ‘வாழ்த்துறாக்கா’ என்றால் முடிந்தது. அது முழுப் பொய்யும் இல்லை.

சொன்னேன். முழுசாக, எனக்கு ஞாபகம் இருந்தவரை, அவள் பேசிய வரிசையிலேயே சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. கீழே பனிவாரும் வண்டி ஏதோ போகிற சத்தம்.

“ம்” என்றாள். அப்புறம், “அந்த ரிப்போர்ட்ல ஒரு வரி போட்டிருந்தாங்கடா. குழந்தையைக் கொண்டுவந்து விட்டப்போ காதுல சின்னதா ஒரு தோடு இருந்துச்சாம். நான் அதைப் படிச்சுட்டு, சரி, காது ஏற்கெனவே குத்திருக்கு, நமக்கு அந்த வேலை இல்லன்னு நினைச்சேன். அப்படித்தான் நினைச்சேன்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை.

“அந்தத் தோடு எங்க இருக்குன்னு அங்க போய் முதல்ல கேக்கணும்” என்றாள். “ஒடியால தோடுக்கு என்னன்னு தெரியல. தண்ணிக்குப் பாணின்னு தெரியும். பாத்துச் சொல்லுடா.”